சென்சாரைக் கழற்றும் முன் சைலன்சரைக் கேளுங்கள்

டேஷ்போர்டில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். ஆக்சிஜன் சென்சார் பெயரோடு ஒரு கோட் வருகிறது. "சென்சார் போயிருச்சு சார், மாத்தணும்" என்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவாகிறது, விளக்கு அணைகிறது. கொஞ்ச நாளில் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது.

நண்பர்களும் உறவினர்களும் இந்தக் கதையைச் சொல்லி நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆக்சிஜன் சென்சார் பெயரில் கோட் வந்துவிட்டால் சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. சென்சார் எதையோ பார்த்துச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான் அதன் பொருள். அது பார்த்தது என்ஜினிலிருந்து வந்த புகையையா, வழியில் புகுந்த வெளிக்காற்றையா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

சென்சாருக்கு அங்கே என்ன வேலை?

பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிவதற்கு, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று கூடினால் அந்தக் கலவை லீன். பெட்ரோல் கூடினால் ரிச். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்ய வேண்டுமென்றால், கலவை இந்த விகிதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அந்த விகிதத்தைக் காவல் காப்பதற்குத்தான் சைலன்சர் பைப்பில் ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது.

அதன் உள்ளே விரல் நுனி அளவில் ஒரு பீங்கான் துண்டு இருக்கும். சிர்கோனியாவால் ஆனது, இரு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. ஒரு பக்கம் புகை படும், மறுபக்கம் வெளிக்காற்று இருக்கும். ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானதும், இரு பக்கமும் உள்ள ஆக்சிஜன் அளவின் வித்தியாசத்துக்கு ஏற்ப அது மின்னழுத்தம் தரத் தொடங்கும். ரிச் கலவைக்கு 0.9 வோல்ட் அருகில், லீன் கலவைக்கு 0.1 வோல்ட் அருகில். நடுக்கோடு 0.45 வோல்ட். 1920க்கான வேதியியல் நோபல் பரிசு பெற்ற வால்தர் நெர்ன்ஸ்ட்டின் சமன்பாடுதான் இதற்கு அடிப்படை. பாஷ் நிறுவனம் செய்த இந்தச் சென்சார் 1976ல் வால்வோ 240 காரில், கலிபோர்னியாவின் புகைக் கட்டுப்பாடுகளுக்காக முதலில் சாலைக்கு வந்தது.

நம் ஊருக்கு இந்தச் சங்கதி கன்வெர்ட்டரைத் தொடர்ந்து வந்தது. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் கன்வெர்ட்டரையும் சென்சாரையும் கெடுத்துவிடும் என்பதால், ஈயமில்லாத பெட்ரோலும் அப்போதுதான் பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்தது.

சென்சார் சொல்வதைக் கேட்டு இசியூ என்னும் என்ஜின் கணினி பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். ஓடும் என்ஜினில் இந்தக் கணக்கு ஓயாமல் நடக்கிறது. சென்சாருக்கு வரும் செய்தி தப்பாகிவிட்டால் இசியூ போடும் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

லீக் எப்படி ஏமாற்றுகிறது?

"சைலன்சரில் ஓட்டை இருந்தால் புகை வெளியேதானே போகும்? காற்று எப்படி உள்ளே வரும்?" என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

புகை குழாயில் ஒரே சீராக ஓடுவதில்லை. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வீச்சாக வருகிறது. நாலு சிலிண்டர் என்ஜின் 800 ஆர்பிஎம்மில் ஐடிலிங்கில் நிற்கும்போது நிமிடத்துக்கு 1,600 வீச்சுகள், அதாவது விநாடிக்கு 27 அளவில். ஒவ்வொரு வீச்சுக்கும் பின்னால் குழாயில் அழுத்தம் ஒரு கணம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் முடி அளவு விரிசல் இருந்தால் போதும். வீச்சு வரும்போது புகை வெளியே போகும், அடுத்த கணம் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ரேஸ் கொடுத்தால் புகையின் ஓட்டம் பலமாகி இந்த இழுப்பு குறைந்துவிடும். அதனால்தான் லீக்கின் குழப்படி ஐடிலிங்கில் அதிகமாகவும் வேகத்தில் குறைவாகவும் தெரிகிறது.

குழம்பில் உப்புப் பார்க்கக் கரண்டியில் எடுத்து நிற்கிறீர்கள், அந்தக் கரண்டியில் மட்டும் யாரோ தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். நாக்கு "உப்பு பத்தலை" என்று சொல்லும். சரியாக இருந்த குழம்பில் உப்பைக் கொட்டிவிடுவீர்கள். லீக் உள்ள காரில் நடப்பது இதேதான். உள்ளே புகுந்த காற்றில் ஆக்சிஜனைக் கண்ட சென்சார் லீன் என்கிறது. இசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது. உண்மையில் என்ஜின் ரிச்சாக ஓடுகிறது. மைலேஜ் சரிகிறது, பிளக்கில் கரி படிகிறது, பின்னால் நின்றால் பெட்ரோல் வாசனை அடிக்கிறது, கன்வெர்ட்டர் அவதிப்படுகிறது. ஸ்கேனரோ லீன் என்றே காட்டும். பெட்ரோல் வாசனை அடிக்கும் காரில் லீன் கோட் வந்தால் முதலில் லீக்கைச் சந்தேகியுங்கள்.

பொள்ளாச்சி கார்

என் சித்தி மகன் பொள்ளாச்சியில் இருக்கிறான். பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறான். என்ஜின் விளக்கு எரிந்ததும், கன்வெர்ட்டருக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் இரண்டு சென்சார்களில் முன் சென்சாரை மாற்றியிருந்தார்கள். விளக்கு திரும்ப வந்தது. அடுத்து பின் சென்சாரையும் மாற்றச் சொன்னார்கள். "அண்ணா, மாத்திரலாமா?" என்று போனில் கேட்டான். "காலையில ஸ்டார்ட் பண்றப்போ ஏதாச்சும் சத்தம் வருதாடா?" என்று கேட்டேன். "ஆமாண்ணா, டிக் டிக்குனு வரும். சூடானா நின்னுரும். டேப்பட் சத்தம்னு சொன்னாங்க" என்றான்.

கோவையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காரை விட்டோம். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. ஸ்கேனரில் கோட் பி0171, அதாவது பேங்க் ஒன்று லீன். அதைப் பார்த்துவிட்டு லைவ் டேட்டாவுக்குப் போனார். ஐடிலிங்கில் லாங் டேர்ம் ஃபியூயல் டிரிம் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) பிளஸ் இருபதைத் தாண்டி நின்றது. 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் ஷார்ட் டேர்ம் டிரிம் மைனஸில் இறங்கி, கூட்டுத்தொகை ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. ஆக்சிலரேட்டரை ஒரு உதறு உதறினார். சென்சார் வோல்டேஜ் பட்டென்று 0.8க்கு மேல் ஏறியது. காலை எடுத்ததும் அடிமட்டத்துக்கு இறங்கியது.

"சென்சார் நல்லாத்தானுங்க இருக்குது. அதுக்கு வர்ற காத்துதான் சரியில்லீங்க" என்றார்.

"மேனிஃபோல்டா இருக்குமாங்கண்ணே?"

"காலைல வண்டி ஆறுனதுக்கப்புறம் பார்த்தாத் தெரிஞ்சுருமுங்க. இன்னைக்கு வண்டிய விட்டுட்டுப் போங்க."

மறுநாள் காலை ஹீட் ஷீல்டைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. நாலாவது சிலிண்டர் பக்கம் ஒரு ஸ்டட் உடைந்து, கேஸ்கட் ஓரமாகக் கறுப்புக் கரிக்கோடு ஓடியிருந்தது. ஹெட்டுக்குள் முறிந்து நின்ற ஸ்டட்டை எடுத்து, மேனிஃபோல்டின் முகத்தை லேத்தில் சமன் செய்து, புதுக் கேஸ்கட் போட்டார்கள். கோவையில் லேத்துக்கா பஞ்சம்? சென்சாரை யாரும் தொடவில்லை. டிரிம் எண்கள் தானாக இறங்கி வந்தன.

டிரிம் எண்ணைப் படியுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க முடியும் என்றால் ஃபியூயல் டிரிமை வையுங்கள். தன் அடிப்படைக் கணக்கிலிருந்து இசியூ எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் டிரிம். ஷார்ட் டேர்மையும் லாங் டேர்மையும் கூட்டிப் பாருங்கள். பிளஸ் மைனஸ் பத்துக்குள் என்றால் பொதுவாகக் கவலை இல்லை. பிளஸ் 25ஐ நெருங்கும்போது பெரும்பாலான கார்களில் லீன் கோட் விழும்.

ஐடிலிங்கில் ஒரு முறையும் 2,500 ஆர்பிஎம்மில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் உயர்ந்தும் வேகத்தில் இறங்கியும் இருந்தால் எங்கோ காற்றுக் கசிவு இருக்கிறது. அது என்ஜினுக்குள் போகும் வழியிலும் இருக்கலாம், புகை வரும் வழியிலும் இருக்கலாம். மாறாக, வேகம் கூடக் கூட டிரிமும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும்.

கசிவு எந்தப் பக்கம் என்பதற்கும் ஒரு குறிப்பு உண்டு. நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் காற்றை அளக்க மேப் சென்சார்தான் இருக்கிறது. அது இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பதால், இன்டேக் பக்கம் புகுந்த காற்றும் பெரும்பாலும் கணக்கில் சேர்ந்துவிடும். டிரிம் ஏறுவதற்குப் பதில் ஐடிலிங் வேகம் ஏறும். அப்படிப்பட்ட காரில் ஐடிலிங் வேகம் இயல்பாக இருந்து, டிரிம் மட்டும் உயர்ந்து நின்றால், எக்ஸாஸ்ட் லீக் மீது சந்தேகம் வலுக்கிறது.

பழைய கார் வைத்திருப்பவர்கள், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். எத்தனாலுக்குத் தேவைப்படும் காற்று ஒன்பது பங்குதான். எத்தனால் கலந்தால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும் என்பதால், பழைய பெட்ரோலுக்கு அமைத்த காரில் டிரிம் கொஞ்சம் பிளஸ் பக்கம் நகரும். ஐடிலிங், வேகம் இரண்டிலும் ஒரே அளவாக நகர்ந்திருந்தால் அதை லீக் என்று எண்ணிவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் பெரிய கருவி வேண்டியதில்லை. இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி-2 போர்ட் இருக்கும். அதில் செருகும் சிறிய புளூடூத் அடாப்டரும் போனில் ஒரு செயலியும் போதும்.

லீக்கைக் கண்டுபிடிப்பது

முதல் வேலை காதுக்கு. இரவு முழுக்க ஆறிய என்ஜினைக் காலையில், திறந்த வெளியில், பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மேனிஃபோல்டு லீக் டிக் டிக் என்று கேட்கும், ரேஸ் கொடுத்தால் சத்தமும் விரையும். இரும்பு சூடாகி விரிந்ததும் இடுக்கு அடைபட்டுச் சத்தம் குறையும். சந்தேகமென்றால் ஒரு நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் அருகே நகர்த்திப் பாருங்கள். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகில் மட்டும் போகாதீர்கள்.

அடுத்தது கண்ணுக்கு. மேனிஃபோல்டு கேஸ்கட் ஓரம், வெல்டிங் வைத்த இடம், ஃபிளெக்ஸ் பைப், சென்சார் முறுக்கி நிற்கும் மரை ஆகியவற்றில் கறுப்பாகவோ சாம்பலாகவோ கரிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட் ஷீல்டைக் கழற்றாமல் பார்த்தால் பாதி இடம் தெரியாது.

கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் பஞ்சர் கடை வழி. என்ஜினை அணைத்து, நன்றாக ஆறிய பிறகு, காற்று ஊதும் பக்கம் உள்ள வேக்குவம் கிளீனர் குழாயைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிப் பொருத்துங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். நுரை கொப்பளிக்கும் இடம்தான் லீக். பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் ஸ்மோக் மெஷின் இருந்தால் இன்னும் சுலபம்.

லீக் எங்கே என்பதும் முக்கியம். முன் சென்சாருக்கு முன்னாலோ, அதை ஒட்டிப் பின்னாலோ இருந்தால் டிரிமைக் கெடுக்கும். முன் சென்சாருக்கும் பின் சென்சாருக்கும் நடுவில் இருந்தால் பின் சென்சாரைக் குழப்பும். இரண்டையும் தாண்டி, கடைசி மஃப்ளர் பக்கம் இருந்தால் சத்தம் மட்டும்தான், கோட் வராது.

அடைப்பதற்குச் சாதாரண சிலிக்கோன் பேஸ்ட்டைப் பூசும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து பூச விடாதீர்கள். சூடு தாங்காது என்பது ஒரு பக்கம். சிலிக்கோன் ஆவி சென்சாரின் பிளாட்டினத்தில் படிந்து நல்ல சென்சாரையும் கெடுத்துவிடும்.

சென்சார் உண்மையிலேயே கெடும்போது

சென்சார் கெடாது என்று நான் சொல்லவில்லை. ஆயில் குடிக்கும் என்ஜின், ஹெட் கேஸ்கட் போய்க் கூலன்ட் எரியும் என்ஜின் இரண்டும் அதைச் சீக்கிரம் முடித்துவிடும். கழற்றிப் பார்த்தால் முனையில் வெள்ளைச் சுண்ணாம்பு போன்ற படிவு சிலிக்கோனைக் காட்டும், கனத்த கறுப்புக் கரி ரிச் கலவையைக் காட்டும். காரணத்தை விட்டுவிட்டுப் புதுச் சென்சாரை மாட்டினால் அதற்கும் அதே கதிதான்.

கோட்களில் சில நேரடியாகச் சென்சாரையும் வயரையும் காட்டுபவை. பி0135 முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். இதில் லீக்குக்குச் சம்பந்தமில்லை. ஃபியூஸ், கப்ளர், எலி கடித்த வயர், கடைசியாக ஹீட்டரின் ஓம் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பி0134 சென்சாரிடமிருந்து அசைவே இல்லை என்பது. பல கார்களில் வோல்டேஜ் 0.45லேயே உறைந்து நின்றால் வயர் அறுந்திருக்கலாம், சென்சார் சூடாகாமலும் இருக்கலாம். பி0133 சென்சார் மெதுவாகப் பதில் சொல்கிறது என்பது. வயதான சென்சாரில் இது வரும், லீக்கிலும் வரும். பி0131 வோல்டேஜ் குறைவு. லீக் இருந்தால் மிக எளிதாக வரக்கூடியது இது.

சென்சாருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, மெக்கானிக் செய்த சோதனையே போதும். பக்கத்தில் ஒருவர் போன் திரையைப் பார்க்க, காலியான சாலையில் நன்றாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, பிறகு கியரில் இருக்கும்போதே காலை எடுங்கள். அழுத்தும்போது 0.8க்கு மேல் போக வேண்டும். காலை எடுத்ததும் இசியூ பெட்ரோலை நிறுத்திவிடுவதால் வெறும் காற்றுதான் வரும், வோல்டேஜ் கிட்டத்தட்டச் சுழியத்துக்கு விழ வேண்டும். இரண்டும் சட்டென்று நடந்தால் சென்சார் பிழைத்திருக்கிறது. புதிய கார்கள் பலவற்றில் முன்னால் இருப்பது வைட்பேண்ட் சென்சார். அதற்கு இந்த வோல்ட் கணக்குப் பொருந்தாது, கலவை விகிதத்தைக் காட்டும் லாம்டா மதிப்பைப் பார்க்க வேண்டும்.

மாற்றியே தீர வேண்டும் என்றால் 22 எம்எம் சென்சார் சாக்கெட் வாங்குங்கள். வெட்டி ஒட்டிய வயரில் ஈயம் வைக்க வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கு வேண்டிய வெளிக்காற்றை வயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் எடுக்கின்றன. சாலிடரும் கிரீஸும் அந்த வழியை அடைத்துவிடும். உங்கள் காருக்குரிய கப்ளரோடு வரும் சென்சாரையே வாங்குங்கள்.

பி0420 பற்றியும் சொல்லிவிடுகிறேன். கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று அது சொல்லும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் உள்ள பொருள் என்பதால் விலை மலைக்க வைக்கும். நல்ல கன்வெர்ட்டருக்குப் பின்னால் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் அதிகம் அசையாமல் நிற்க வேண்டும். முன் சென்சார் ஆடும் ஆட்டத்தை அதுவும் ஆடினால் கன்வெர்ட்டர் மீது சந்தேகம் சரி. ஆனால் நடுவில் லீக் இல்லை என்று உறுதி செய்யாமல் அந்தப் பணத்தை எடுக்காதீர்கள்.

உயிர் சம்பந்தப்பட்டது

பணத்தையும் மைலேஜையும் விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. என்ஜின் அறையில் லீக்கான புகை ஏசி வழியாகக் காருக்குள் வரலாம். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டும். ஓட்டும்போது காரணமில்லாத தலைவலி, குமட்டல், மயக்கம் வந்து, இறங்கினால் தெளிகிறது என்றால் அன்றே காரை நிறுத்திச் சோதியுங்கள். லீக் இருக்கிறது என்று தெரிந்த காரில், ஏசியைப் போட்டுக்கொண்டு குழந்தைகளைத் தூங்க வைத்துக் காத்திருக்காதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் எந்தக் காரையும் ஓடவிடாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

* கோட் எண் என்ன?
* ஐடிலிங்கிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் டிரிம் எவ்வளவு?
* ஆறிய என்ஜினில் லீக் பார்த்தீர்களா?
* ஆக்சிலரேட்டரை அழுத்தியபோதும் விட்டபோதும் சென்சார் என்ன காட்டியது?

இந்த நாலுக்கும் பதில் இல்லாமல் சென்சாரின் விலையைச் சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.

நம் பக்கமும் ஒன்று மாற வேண்டும். பாகத்துக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிடுகிறோம். "பார்த்ததற்கு இவ்வளவு" என்று கேட்டால் முகம் சுளிக்கிறோம். கண்டுபிடிக்கக் கூலி கிடைக்காத ஊரில் மெக்கானிக் பாகத்தை மாற்றித்தான் பிழைக்க முடியும். பொள்ளாச்சிக் காரில் பாகம் என்று போட்டது ஸ்டட்டும் கேஸ்கட்டும்தான். மீதியெல்லாம் ஒரு மனிதர் இரவு காத்திருந்து, காலையில் காது கொடுத்துக் கேட்டதற்கான கூலி. அதை என் தம்பி பேரம் பேசாமல் கொடுத்தான். நீங்களும் கொடுங்கள்.